வைரஸ் தாக்கிய செடியைப் பூச்சி மோந்து கண்டுபிடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளுந்தில் மஞ்சள் தேமல், வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், தக்காளியில் இலைச்சுருட்டு, வாழையில் முடிக்கொத்து. இவற்றை வயலுக்குள் கொண்டுவருவது வெள்ளை ஈ, அசுவினி போன்ற சின்னஞ்சிறு பூச்சிகள் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்த சங்கதி. அந்தப் பூச்சி எந்தச் செடியில் இறங்குகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது, எப்போது கிளம்புகிறது என்பதில் அதன் மோப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வைரஸ் அந்த மோப்பத்தையே தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்பது கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவாகியிருக்கிறது. ஒரு இலையில் எத்தனை பூச்சி என்று எண்ணுவதைவிட, அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கவனிப்பதே வைரஸ் விஷயத்தில் முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் விளக்குகின்றன.

பூச்சிக்கு மூக்கு எங்கே இருக்கிறது?

தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உணர்கொம்புகள்தான் அதன் மூக்கு. அசுவினியின் உணர்கொம்பைப் பெருக்காடியில் பார்த்தால் சிறுசிறு கணுக்களாகத் தெரியும். பெரும்பாலான இனங்களில் ஆறு கணு. அவற்றில் ஐந்தாவதிலும் ஆறாவதிலும் வட்டமான மோப்பக் குழிகள் உள்ளன. வேறு பல பூச்சிகளுக்குக் குழிக்குப் பதிலாக நுண்ணிய மயிர்கள் இருக்கும்.

இவற்றின் மேல்தோலில் கண்ணுக்கே தெரியாத துளைகள் உண்டு. காற்றில் வரும் வாசனை மூலக்கூறு அந்தத் துளை வழியே உள்ளே போகும். அங்குள்ள நீர்மத்தில் காத்திருக்கும் ஒரு புரதம் அதை ஏந்திக்கொண்டுபோய் நரம்பின் முனையில் உள்ள ஏற்பியிடம் சேர்க்கும். எந்தெந்த ஏற்பி எந்த அளவில் தூண்டப்படுகிறது என்பதை வைத்து மூளை 'இது இன்ன செடி' என்று முடிவுசெய்கிறது. பட்டாணி அசுவினியின் மரபணுத் தொகுப்பு 2010-இல் வெளியானது. வாசனை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் அதில் சுமார் 79 காணப்பட்டன. தேனீக்கு ஏறத்தாழ 170. ஆயிரம் பூக்களைத் தேடி அலையும் தேனீயோடு ஒப்பிட்டால் அசுவினியின் உலகம் சிறியது. ஆனால் தனக்கு வேண்டிய செடியை அடையாளம் காண அதற்கு இதுவே தாராளம்.

எல்லாச் செடிக்கும் வாசனை உண்டா? உளுந்துக்கு என்ன வாசனை?

நமக்குத் தெரியாவிட்டாலும் உண்டு. புல் வெட்டும்போது எழும் பச்சை வாடையை நினைத்துப் பாருங்கள். இலை கசங்கினால் வரும் அந்த ஆவிகளின் கலவை ஒன்று. கற்பூரம், எலுமிச்சை ஆகியவற்றின் மணத்தைத் தரும் டெர்பீன் வகைச் சேர்மங்கள் இன்னொன்று. செடி காயம்படாமல் நிற்கும்போதும் இவை மிகச் சிறிய அளவில் கசிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பயிருக்கும் கலவையின் விகிதம் வேறு. பூச்சிக்கு முக்கியம் அந்த விகிதம்தான்.

வைரஸுக்குப் பூச்சி எதற்கு?

செடி நகராது, வைரஸாலும் தானாக நகர முடியாது. போதாததற்கு ஒவ்வொரு தாவர உயிரணுவையும் தடித்த சுவர் சூழ்ந்திருக்கிறது. அதைத் துளைத்து உள்ளே விட ஓர் ஊசி தேவை. அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி ஆகியவற்றின் உறிஞ்சும் வாய் அப்படிப்பட்ட ஊசிதான். செடியைக் கொல்லாமல், உயிரணுவைச் சிதைக்காமல் சாறு எடுக்கும் வாய். வைரஸுக்கு இதைவிட நல்ல வாகனம் அமையாது.

வைரஸ் தாக்கினால் செடியின் வாசனை மாறும் என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலாவது உருளைக்கிழங்கு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சான்ஃபோர்டு ஐகன்பிராட் குழுவினர் இலைச்சுருள் வைரஸ் தாக்கிய உருளைக்கிழங்குச் செடிகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலையின் மேல் வலைத்துணியை விரித்து, பச்சைப் பீச் அசுவினியை அந்தத் துணியின்மேல் விட்டார்கள். பூச்சியால் இலையைத் தொட முடியாது, சுவைக்க முடியாது. ஆவி மட்டும் வலை வழியே மேலே வரும். நோயுள்ள இலைகளுக்கு மேலேதான் அசுவினிகள் அதிகமாகச் சேர்ந்தன. நோயுள்ள செடி ஆரோக்கியமான செடியைவிடக் கூடுதலாக ஆவி வெளியிட்டதும் அளவிடப்பட்டது.

இரண்டாவது பூசணி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெர்ரி மாக், கான்சுவேலோ டி மொராஸ், மார்க் மெஷர் மூவரும் வெள்ளரித் தேமல் வைரஸை எடுத்துக்கொண்டார்கள். 2010-இல் வெளியான ஆய்வு அது. நோயுள்ள பூசணிச் செடி ஆரோக்கியமான செடியைப் போலவே மணந்தது; அளவு மட்டும் கூடுதல். அசுவினிகள் அந்த மணத்தை நாடி வந்தன. வந்தவை தங்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் நோயுள்ள செடிகளில் அசுவினிகளை விட்டுப் பார்த்தபோது அவை சீக்கிரமே வேறு செடிக்குக் கிளம்பின. தங்கியவற்றின் பெருக்கமும் குறைவு. தெருமுனைவரை மணம் வீசி நம்மை இழுக்கும் உணவகத்தில் ஒரு கவளம் வாயில் வைத்ததும் எழுந்து வெளியே வருவோமே, அதுதான் நடக்கிறது.

இரண்டும் அசுவினி. இரண்டிலும் வாசனை இழுக்கிறது. ஆனால் ஒன்றில் தங்குகிறது, இன்னொன்றில் ஓடுகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பூச்சி வைரஸைச் சுமக்கும் விதம் எல்லா நோயிலும் ஒன்றல்ல. வெள்ளரித் தேமல், பப்பாளி வளையப்புள்ளி ஆகிய நோய்களின் வைரஸ்கள் அசுவினியின் வாய் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அசுவினி ஒரு செடியில் இறங்கியதும் 'இது நமக்கு ஏற்றதா' என்று பார்க்க மேல்தோல் உயிரணு ஒன்றில் குத்திப் பார்க்கும். சில விநாடிக் குத்திலேயே வைரஸ் ஊசியில் ஏறிவிடும். அடுத்த செடியில் இன்னொரு சில விநாடிக் குத்தில் இறங்கிவிடும். அசுவினி அதே செடியில் தங்கி ஆழமாகக் குத்திச் சாறு குடிக்கத் தொடங்கினால் ஊசியில் ஒட்டிய வைரஸ் கழன்றுபோகும். ஆகவே இந்த வகை வைரஸுக்கு லாபம், பூச்சி வரவேண்டும், ருசி பார்க்கவேண்டும், உடனே கிளம்பவேண்டும் என்பதில்தான்.

உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸின் பாதை நேர் எதிரானது. அது செடியின் சாற்றுக் குழாயில் வாழ்கிறது. அசுவினி அங்கே ஊசியை எட்டவைத்து நீண்ட நேரம் குடித்தால்தான் கிடைக்கும். குடித்த வைரஸ் குடல் சுவரைக் கடந்து, உடல் நீரில் கலந்து, எச்சில் சுரப்பியை அடையவேண்டும். அதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதன்பின் அந்தப் பூச்சி உயிரோடிருக்கும்வரை நோயைப் பரப்பும். இந்த வைரஸுக்கு லாபம், பூச்சி வந்து நிதானமாகத் தங்கிப் பெருகுவதில் இருக்கிறது.

வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல், இலைச்சுருட்டு, மரவள்ளித் தேமல், வாழை அசுவினி பரப்பும் முடிக்கொத்து எல்லாம் இந்த இரண்டாம் வகை. நெல் துங்ரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பச்சைத் தத்துப்பூச்சி அதைச் சில நாட்களே சுமக்கும், தோலுரித்தால் இழந்துவிடும்.

பல பயிர்களில், பல வைரஸ்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்தப் போக்கு தெரிகிறது. விதிவிலக்குகளும் இருக்கின்றன.

வைரஸை ஏற்றிக்கொண்ட பூச்சியின் விருப்பம் மாறுமா?

மாறும். எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி இதுதான்.

நோயுள்ள செடியின் மணம் எல்லாப் பூச்சியையும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தால், வைரஸ் ஏறிய பூச்சியும் நோயுள்ள செடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதுச் செடிக்கு நோய் போகாது. கோதுமையில் பார்லி மஞ்சள் குட்டை வைரஸை வைத்து அதே ஐடஹோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். வைரஸ் இல்லாத அசுவினிகள் நோயுள்ள செடியை நாடின. வைரஸைச் சுமந்த அசுவினிகள் ஆரோக்கியமான செடியை நாடின. நோயுள்ள செடியைத் தின்று வளர்ந்ததால்தான் இந்த மாற்றமோ என்ற சந்தேகம் வரலாம். அதற்காகச் செடியே இல்லாமல், தூய்மைப்படுத்திய வைரஸை மெல்லிய படலத்தின் வழியே ஊட்டியும் பார்த்தார்கள். அப்போதும் அதே மாற்றம். அப்படியானால் பூச்சியின் உடலுக்குள் போன வைரஸே அதன் தேர்வை மாற்றுகிறது.

தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸில் இதற்கு இன்னொரு விளக்கம் கிடைத்திருக்கிறது. சீனாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வைரஸைச் சுமந்த வெள்ளை ஈயின் மூளையில் நரம்பணுக்கள் அழிந்து வெற்றிடங்கள் தோன்றியிருப்பதைக் கண்டார்கள். அதன் புலன் கூர்மை குறைந்து, நோயுள்ள செடிமேல் இருந்த பிரியம் மறைந்துபோனது. நல்ல செடி, நோய்ச் செடி என்ற பேதமில்லாமல் அது எங்கும் இறங்கியது. வைரஸுக்கு வேண்டியதும் அதுதானே.

மூளையே இல்லாத வைரஸ் இவ்வளவு திட்டம் போடுமா?

திட்டம் எதுவும் இல்லை. செடியைத் தன் வசப்படுத்த வைரஸ் உருவாக்கும் புரதங்கள் செடியின் பாதுகாப்பு ஏற்பாட்டில் கைவைக்கின்றன. வாசனையும் சாற்றின் சுவையும் அதே ஏற்பாட்டோடு பிணைந்தவை என்பதால் அவையும் மாறிவிடுகின்றன. சீனாவில் தக்காளியைத் தாக்கும் ஓர் இலைச்சுருட்டு வைரஸோடு பீட்டா சி1 என்ற புரதம் வருகிறது. பூச்சியை விரட்டும் டெர்பீன்களைத் தயாரிக்கச் சொல்லி மரபணுக்களுக்கு ஆணையிடும் ஒரு தாவரப் புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது. டெர்பீன் குறைகிறது, வெள்ளை ஈக்குச் செடி இனிமையாகிறது. இப்படித் தற்செயலாக நேரும் மாற்றங்களில் எது பரவலுக்கு உதவுகிறதோ, அந்த மாற்றத்தைத் தரும் வைரஸ் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது.

வாசனை முக்கியமா, நிறம் முக்கியமா? வெள்ளை ஈ மஞ்சள் அட்டையில்தானே ஒட்டுகிறது?

இரண்டும் வேண்டும். அசுவினியும் வெள்ளை ஈயும் பறப்பதில் பலவீனமானவை. காற்றை எதிர்த்து வெகுதூரம் வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்து வர அவற்றால் முடியாது. காற்றோடு வந்து, கீழே பச்சையும் மஞ்சளும் தெரிந்தால் இறங்கும். இறங்கப்போகும் கடைசிச் சில அடிகளிலும் இறங்கிய பிறகும்தான் மோப்பம் வேலை செய்கிறது. பிறகு ஊசி ருசி பார்க்கிறது. தேமல் நோயில் இலை மஞ்சளாவதால் நிறமும் மணமும் சேர்ந்தே பூச்சியை இழுக்கின்றன. மஞ்சள் ஒட்டுப்பொறி, பூச்சி வந்துவிட்டதா என்று அறிய மிக நல்ல கருவி. அதை மட்டும் நம்பி வைரஸை நிறுத்த முடியாது.

நம் பயிர்கள் எதிலாவது இது நிரூபிக்கப்பட்டிருக்கிறதா?

வாழையில். முடிக்கொத்து நோய் தாக்கிய வாழை கூடுதலாக ஆவி வெளியிடுகிறது, வாழை அசுவினி அதனால் ஈர்க்கப்படுகிறது என்று காங்கோ, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். முடிக்கொத்து தமிழ்நாட்டுக்கு வெறும் பாடப்புத்தக நோய் அல்ல. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் விளையும் மலைவாழையை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி உட்பட, ஏக்கர் ஏக்கராக அழித்த நோய் அது. இந்தியாவுக்கு 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளம் வழியாக வந்ததாகச் சொல்லப்படுகிறது. தொலைதூரத்துக்கு அதைக் கொண்டுபோவது நோயுள்ள பக்கக் கன்று. தோட்டத்துக்குள் மரத்துக்கு மரம் கொண்டுபோவது அசுவினி. குருத்து இலைகள் குட்டையாகிக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் ஒரு மரத்தை 'எப்படியும் தார் போடாது, கிடக்கட்டும்' என்று விட்டுவைப்பது வழக்கம். இந்த ஆய்வைப் படித்த பிறகு அதை அப்படி விடவே கூடாது என்று சொல்வேன். அந்த மரம் சும்மா நிற்கவில்லை. அசுவினியைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

மருந்து அடித்துப் பூச்சியைக் கொன்றால் வைரஸ் நின்றுவிடாதா?

எந்த வகை வைரஸ் என்பதைப் பொறுத்தது. பப்பாளி வளையப்புள்ளி, வெள்ளரித் தேமல் வகையில் பூச்சிக்கொல்லி பெரிதாக உதவாது. மருந்து பூச்சியைக் கொல்லச் சில நிமிடமாவது ஆகும். வைரஸ் கைமாறச் சில விநாடி போதும். சில மருந்துகள் பூச்சியைப் பரபரக்கச் செய்து, அது இன்னும் பல செடிகளில் குத்திப் பார்க்கவும் காரணமாகலாம். பப்பாளியில் வாரந்தோறும் மருந்து அடித்தும் நோய் நிற்கவில்லை என்று வருந்தும் விவசாயிகளின் உழைப்பில் குறை இல்லை. இந்த நோய்க்கு அது ஆயுதமே இல்லை. இலையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஊசியில் வைரஸ் ஒட்டுவது குறையும் என்பதால் சில நாடுகளில் விதை உருளைக்கிழங்குக்குக் கனிம எண்ணெய் தெளிக்கிறார்கள்.

வெள்ளை ஈ பரப்பும் நோய்களில் நிலைமை மேல். பூச்சி நீண்ட நேரம் குடிக்கவேண்டியிருப்பதால் விதை நேர்த்தியும் இளம்பயிர்ப் பாதுகாப்பும் பலன் தரும். ஆனால் வெளியிலிருந்து வைரஸோடு வரும் ஈ சாகும் முன்பே நோயை இறக்கிவிடலாம்.

வாசனையை வைத்தே பூச்சியை விரட்டினால் என்ன?

முயன்றிருக்கிறார்கள். அசுவினியை எதிரி பிடித்தால் அது பின்புறக் குழல்கள் வழியே பீட்டா ஃபார்னசீன் என்ற அபாய மணத்தை வெளியிடும். அருகிலுள்ள அசுவினிகள் சிதறி ஓடும். ஒரு காட்டு உருளைக்கிழங்கு இனம் இதே மணத்தைத் தன் இலைமயிரிலிருந்து வெளியிடுவதை 1983-இல் கண்டறிந்தார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இதை உருவாக்கும் மரபணுவைக் கோதுமையில் சேர்த்தது. ஆய்வகத்தில் அசுவினி விலகியது. 2012, 2013 ஆண்டுகளில் வயலில் பயிரிட்டபோது அசுவினியின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. முடிவை 2015-இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். உண்மையான அபாயத்தில் அந்த மணம் சட்டென்று ஒரு வீச்சாக வரும். கோதுமையோ அதை ஓயாமல் கசியவிட்டது. எந்நேரமும் ஒலிக்கும் எச்சரிக்கைக்குப் பூச்சி பழகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். அசுவினியைச் சிதறடித்தால், ஊசியில் ஒட்டிப் பரவும் வைரஸ் சிதறிய பூச்சிகளோடு இன்னும் பரவலாகலாம்.

வெள்ளை ஈ விஷயத்தில் இரண்டு வழிகள் நம்பிக்கை தருகின்றன. காட்டுத் தக்காளி இனம் ஒன்றின் இலைமயிர்கள் வெளியிடும் ஜிஞ்சிபெரீன் வகைச் சேர்மம் வெள்ளை ஈயை விரட்டுகிறது என்று நெதர்லாந்தில் கண்டறிந்து, அதைப் பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவர முயன்று வருகிறார்கள். கோஸ்டா ரிக்காவில் தக்காளிக்கு இடையில் கொத்தமல்லி போன்ற தரைப்பயிர்களை வளர்த்தபோது தக்காளியில் வெள்ளை ஈயும் வைரஸ் நோயும் குறைந்தன. கொத்தமல்லியை ஊடுபயிராகப் போடுவது நமக்குப் புதிதல்ல. செலவும் குறைவு. தக்காளி போடுகிறவர்கள் ஒரு பாத்தியிலாவது செய்து பார்க்கலாம்.

சரி, வயலில் என்ன செய்யட்டும்?

நோயுள்ள செடியை முதல் அறிகுறியிலேயே பிடுங்குங்கள். பிடுங்கும் விதமும் முக்கியம். அப்படியே உலுக்கிப் பிடுங்கினால் அதிலுள்ள வெள்ளை ஈக்கள் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். முதலில் பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு, அல்லது காலை வெயில் ஏறும் முன் பூச்சி மந்தமாக இருக்கும்போது, செடியைச் சாக்கால் மூடிப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். வாழையைக் கிழங்கோடு தோண்டவேண்டும். மேலே வெட்டிவிட்டால் கிழங்கிலிருந்து வரும் கன்றும் நோயோடுதான் வரும். புதிதாக நடும்போது வைரஸ் இல்லை என்று சோதித்த திசுவளர்ப்புக் கன்று வாங்குங்கள்.

சோளம், மக்காச்சோளம், கம்பு இவற்றில் ஒன்றை வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக, பயிருக்கு முன்பே விதைத்துவிடுங்கள். ஊசியில் வைரஸோடு வரும் அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்த்தாலே போதும், பெரும்பாலும் வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். சோளத்துக்கு அந்த நோய் வராது. தக்காளி, மிளகாய் நாற்றங்காலை 40 முதல் 50 மெஷ் நைலான் வலையால் மூடுங்கள். இளநாற்றில் தொற்றினால் இழப்பு மிக அதிகம். மிளகாய்க்கும் பூசணிக் குடும்பத்துக்கும் வெள்ளிநிற மூடாக்குத் தாள் நல்லது. கீழிருந்து பளிச்சிடும் ஒளியில் அசுவினி இறங்கத் தடுமாறும். உளுந்துக்கு வம்பன் 6, வம்பன் 8 போல மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகம் இருக்கும்போது வேறு ரகத்துக்குப் போகாதீர்கள். வரப்பில் தேமலோடு நிற்கும் களைகளையும் விட்டுவைக்க வேண்டாம், அவையும் பூச்சிக்கு மணக்கும்.

வைரஸ் தாக்கிய காயைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பயிரைத் தாக்கும் வைரஸ் மனிதரைத் தாக்காது. காய் கோணலாக, சுவை குறைவாக இருக்கலாம்.

தேனீக்களுக்கும் அந்த வாசனை மாற்றம் தெரியுமா?

அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டுத்தேனீக்களுக்கு (பம்பிள்பீ) தெரிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜான் கார் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளரித் தேமல் வைரஸ் தாக்கிய தக்காளிச் செடியின் மணத்தை அவை அதிகம் விரும்பின. நோயுள்ள தக்காளி தானாக மகரந்தம் சேர்ந்தால் விதை குறைவாகவே பிடிக்கும். வண்டுத்தேனீ பூவைப் பற்றி அதிரச்செய்து மகரந்தம் சேர்க்கும்போது அந்தக் குறை ஈடுகட்டப்படுகிறது. நோய்க்கு எளிதில் ஆட்படும் செடிகள் தலைமுறை தலைமுறையாக அழியாமல் தொடர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். செடிக்குத் தீங்கு செய்யும் வைரஸே, தன் வீடு காலியாகிவிடாதபடி தேனீயை அழைத்து வந்து ஓரளவு கைம்மாறும் செய்கிறது என்பது அவர்களுடைய வாதம்.